டாக்டரம்மா பார்த்த பூச்சி

டாக்டரம்மா லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. கண்ணில் கம்பித் துணுக்கு பாய்ந்து அலறிக்கொண்டு வந்தவரிடம், "எந்தக் கடைக் கம்பி, நல்லா உறுதியா இருக்கே" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே அதைப் பிடுங்கித் தட்டில் போட்டவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் காலையில் உள்ளங்கை வியர்த்துவிட்டது. மேஜை விளக்கடியில் ஒரு ரிப்போர்ட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துகளுக்கு நடுவே ஒரு கரும்புள்ளி மெதுவாக எழும்பி, தள்ளாடி, வலது ஓரமாகப் போய் மறைந்தது.

கண்ணில் பூச்சி பறக்கிறது என்று வருகிறவர்களுக்குச் சொல்ல அவளிடம் ஒரு பாடம் இருந்தது. தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பாள். "கண்ணுக்குள்ள ஜெல்லி மாதிரி ஒண்ணு இருக்கு. வயசாக ஆக அது சுருங்கும். அதோட நிழல்தான் பூச்சியாத் தெரியுது. முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. சில பேருக்கு மட்டும் விழித்திரை கிழியும், அதனால மருந்து ஊத்திப் பாத்துடுவோம்." அடுத்தவருக்குச் சொல்லும்போது முக்கால்வாசி என்பது எவ்வளவு குளிர்ச்சியான வார்த்தை. தனக்கு என்று வந்ததும் அந்த மிச்சக் கால்வாசி கண் முன்னால் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டது. போதாக்குறைக்கு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. அந்த மாதிரிக் கண்ணில்தான் திரை சீக்கிரம் கிழியும் என்று வருஷா வருஷம் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவளும் அவள்தான்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் ரயில் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்லியே ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் எல்லா பிளாட்பாரத்துக்கும் சேர்த்துச் சொல்வதும் ஒன்றுதான்.

ஓய்வு பெற்ற புதிதில் மனிதர் வீட்டை ஒரு வழி பண்ணிவிட்டார். சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கி, அரிசிக்குப் பக்கத்தில் அந்துருண்டையை வைத்தார். இனி வீட்டில் விட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டரம்மா அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்து முன்னறையில் டோக்கன் கூப்பிட உட்காரவைத்தாள். அதுவும் நன்றாகத்தான் போனது. "கனிவான கவனத்திற்கு, டோக்கன் எண் ஒன்பது இன்னும் சற்று நேரத்தில் உள்ளே செல்லும்" என்று அவர் சொன்னால், ஒன்பதாம் டோக்கன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கும், ஏதோ பெட்டியில் இடம் பிடிக்கப் போவதுபோல.

ஆனால் டோக்கன் கூப்பிடுவது எவ்வளவு நேர வேலை? நடுவில் கை சும்மா இருந்தது. ஒரு நாள் நர்சரிக்குப் போய் ஆட்டோ நிறையச் செடிகளோடு வந்து இறங்கினார். மணி பிளான்ட், ரப்பர் செடி, பீஸ் லில்லி, ஒரு ஃபெர்ன், கத்தி கத்தியாக நிமிர்ந்து நிற்கும் ஸ்நேக் பிளான்ட். நர்சரிக்காரர் ஸ்நேக் பிளான்ட்டைக் காட்டி, "சார், இத நீங்க கொல்லணும்னு நெனச்சாலும் முடியாது" என்றாராம். வீட்டுக்காரர் அதை ஒரு சவாலாக எடுத்துக்கொண்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

காலையில் வந்ததும் தண்ணீர். டோக்கன் பத்தானதும் தண்ணீர். இலை வாடினால் தாகம் என்று தண்ணீர், இலை மஞ்சளானால் சத்துக் குறைவு என்று இன்னும் கொஞ்சம். காத்திருந்தவர்களும் குடித்த டம்ளரின் மிச்சத்தைப் புண்ணியமாகப் போகட்டும் என்று தொட்டியிலேயே ஊற்றினார்கள். தொட்டிகளை அவர் ஓட்டையே இல்லாத பளபளப்பான பீங்கான் ஜாடிகளுக்குள் இறக்கி வைத்திருந்ததால், ஊற்றியது எதுவும் வெளியே போக வழியில்லை.

டாக்டரம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போகிறவள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், கொஞ்ச நாளாக வருகிற நோயாளிகளில் பாதிப் பேர் பூச்சி பறக்கிறது என்று சொல்கிறார்கள் என்பதுதான். பீளை கட்டிச் சளிக்கண் என்று வந்தவர் சொன்னார். கண்ணாடி மாற்ற வந்தவர் சொன்னார். ஒருவர், "வீட்ல இருந்து கெளம்பும்போது இல்ல டாக்டர், இங்க வந்து உக்காந்ததும்தான் ஆரம்பிச்சுது" என்றுகூடச் சொன்னார். வெளிச்சம் மாறினால் அப்படித் தோன்றும் என்று அவரைச் சமாதானப்படுத்தி, கண் பாப்பா விரிய மருந்து ஊற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். விழித்திரை தகதகவென்று ஆரோக்கியமாக இருந்தது. இப்படி எல்லோருக்கும் ஊற்றினாள். முன்னறை முழுக்க விரிந்த கண்களோடு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து காற்றில் எதையோ விரட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த வட்டாரத்தில் வயசுக் கணக்கில்லாமல் எல்லோருக்கும் ஜெல்லி சுருங்குகிறது, இதை அடுத்த மாநாட்டில் ஒரு கட்டுரையாகவே வாசித்துவிடலாம் என்று அவள் தலைப்புவரை யோசித்து வைத்துவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் அந்தக் கரும்புள்ளி அவளுக்கே தெரிந்தது.

மறுநாளும் தெரிந்தது. அதற்கு மறுநாள் இரண்டு புள்ளிகள். அவள் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். அவை போயிருந்தன. சாப்பிடும்போது ஞாபகம் வந்தது, குளிக்கும்போது ஞாபகம் வந்தது. கடைசியில் கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு, ஊரின் மறுகோடியில் இருந்த தன் கல்லூரித் தோழனின் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அவன் பெயர் கல்லூரியில் குட்டித்தூக்கம். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான். அவளுக்கு எப்போதும் முதல் ராங்க், அவனுக்கு எப்போதும் எழுபதுக்குக் கீழே. இன்று அவனுக்கு நாலு மாடிக் கட்டடமும் அதில் ஒரு லிஃப்ட்டும் இருந்தன.

"வா வா, ராங்க்கு. என்ன இந்தப் பக்கம்?" என்றான்.

"சும்மா ஒரு செக்கப்."

"நீ சும்மா வர்ற ஆளா? சொல்லு."

சொன்னாள். தன் நோயாளிகளில் பாதிப் பேர் இதையே சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. மருந்தை ஊற்றி, நோயாளிகளோடு நோயாளியாக வெளியே பெஞ்சில் உட்காரவைத்தான். எதிரே இருந்த போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடிந்தது, கையில் இருந்த பத்திரிகையைப் படிக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த அம்மாள், "உங்களுக்கும் பூச்சியா?" என்று கேட்டாள். டாக்டரம்மா தலையாட்டினாள். "பயப்படாதீங்க, முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் ஆகாதாம்" என்றாள் அந்த அம்மாள். அவளைக் கடித்து வைக்கலாமா என்றிருந்தது டாக்டரம்மாவுக்கு.

குட்டித்தூக்கம் உள்ளே கூப்பிட்டு மேலே பார், கீழே பார் என்று மூலை முடுக்கெல்லாம் பார்த்தான். பிறகு விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"ஒண்ணுமே இல்ல. திரை கெட்டியா இருக்கு. சரி, பூச்சி இப்பத் தெரியுதா?"

"இல்ல."

"வீட்ல?"

"வீட்ல... இல்ல."

"எங்கதான் தெரியுது?"

"கிளினிக்ல."

"கிளினிக்ல மட்டும்."

"ம்."

"நீ கண்ண அசைச்சா அதுவும் கூடவே அசையுதா, இல்ல தன்பாட்டுக்குப் போகுதா?"

பூச்சி என்று வருபவரிடம் முதலில் கேட்கவேண்டியது என்று அவள் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் கேள்வி இது. தன்பாட்டுக்குத்தான் போனது. ஒரு தடவை டீ டம்ளரின் விளிம்பில் வந்து உட்கார்ந்துகூட இருந்தது. ஜெல்லியின் நிழல் டீ குடிக்க வராது.

"உங்க இடத்துல தொட்டிச் செடி இருக்கா?" என்றான் குட்டித்தூக்கம். "எங்க மருமக வீடு பூரா செடி வெச்சா. தண்ணிய ஊத்து ஊத்துன்னு ஊத்தினா. கொசு மாதிரி ஒண்ணு, கறுப்பா, பறக்கத் தெரியாம பறக்கும். ஈர மண்ணுல முட்ட போடும். நீ இத்தன நாளா அதுக்கு கண் மருந்து ஊத்திட்டு இருந்தியா?"

அப்புறம் சிரித்தான். எழுபதுக்குக் கீழே வாங்கிய அத்தனை பரீட்சைக்கும் சேர்த்துச் சிரித்தான். வாசல்வரை வந்து லிஃப்ட் கதவு மூடும்வரைக்கும் சிரித்தான்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டாக்டரம்மா நேராகக் கிளினிக்குக்கு வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக முன்வாசல் வழியாக நுழைந்தாள். நோயாளிகள் இல்லை. வீட்டுக்காரர் ரப்பர் செடிக்குப் பக்கத்தில் நின்று காற்றில் இரண்டு கையையும் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அவளைப் பார்த்ததும் அந்தக் கைகளை அப்படியே வணக்கமாக மாற்றிக்கொண்டார். பிறகுதான் கறுப்புக் கண்ணாடியைக் கவனித்தார். முகம் வெளுத்தது.

"என்னம்மா ஆச்சு? கண்ணுக்கு என்ன?"

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. இது என்ன?"

"எது?"

"இப்பத் தட்டினீங்களே, அது."

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். அங்கே ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டார். "கொசு" என்றார் சின்னக் குரலில். அந்தக் குரல் அவருக்கு உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

"எத்தன நாளா இருக்கு?"

"கொஞ்ச நாளா. உங்கிட்ட சொன்னா செடியத் தூக்கி வெளிய போடச் சொல்லிடுவியோன்னு..."

மருந்தறையிலிருந்து எட்டிப் பார்த்த சிஸ்டரிடம் திரும்பினாள். அந்தக் கிளினிக் ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவள் அந்த நர்ஸ். டாக்டரம்மாவுக்குப் பயப்படாத ஒரே ஜீவன்.

"சிஸ்டர், உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? என் டிபன் பாக்ஸ்லயே விழுது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள் சிஸ்டர். "நீங்கதானே கண் டாக்டர்."

டாக்டரம்மா ரப்பர் செடியைத் தொட்டியோடு தூக்கினாள். ஜாடிக்குள் சாக்கடை நாற்றமடிக்கும் தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது. மண்ணின் மேல் வெள்ளைப் பஞ்சு பூத்திருந்தது. அது பூஞ்சை. வீட்டுக்காரர் அதைச் செடிக்குச் செழிப்பு வந்ததன் அடையாளம் என்று நினைத்து ஃபோட்டோ எடுத்துத் தன் தங்கைக்கு வேறு அனுப்பியிருந்தார். ஜாடிகளுக்குப் பின்னால் சுவரில் கறுப்புத் திட்டுகள் படர்ந்திருந்தன. ஸ்நேக் பிளான்ட்டின் ஓர் இலையைத் தொட்டாள். அது வாழ்க்கை வெறுத்தது போல அடியோடு சாய்ந்து அவள் தோளில் விழுந்தது.

"இதக் கொல்ல முடியாதுன்னு சொன்னாங்களே" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களப் பத்தி அவங்களுக்குத் தெரியல."

தூக்கிப் போடத்தான் நினைத்தாள். சிஸ்டர் குப்பைப் பையைக்கூடப் பிரித்துவிட்டாள். வீட்டுக்காரர் பீஸ் லில்லியின் மஞ்சள் இலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் சொந்தக்காரர் மாதிரி நின்றார். டாக்டரம்மாவால் அந்த நிற்பைத் தாங்க முடியவில்லை. அந்த மாதிரி நின்றவர்கள் எத்தனையோ பேரிடம் அவள், பாத்துடலாம், இருங்க என்று சொல்லியிருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழம ஆபரேஷன்" என்றாள். "அதுவரைக்கும் ஒரு சொட்டு தண்ணி ஊத்தினீங்கன்னா உங்களத்தான் வெளிய போடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கின் பின்பக்கத்து நிழலில் பழைய செய்தித்தாள்களை விரித்தார்கள். சிஸ்டர் லீவு நாள் என்றாலும் வேடிக்கை பார்க்க வந்து, வந்ததும் அதட்ட ஆரம்பித்துவிட்டாள். டாக்டரம்மா கூர் போனதால் ஒதுக்கி வைத்திருந்த அறுவைக் கத்தரிகளை எடுத்து வந்தாள். இதற்கு முன் எதற்கும் யூடியூப் பார்க்காதவள், முந்தின நாள் முழுக்க வேர் அழுகலைப் பற்றித்தான் பார்த்திருந்தாள்.

ஒவ்வொரு செடியாகத் தொட்டியிலிருந்து கழற்றி, ஈர மண்ணை உதிர்த்து, வேரைக் குழாயடியில் கழுவினாள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருந்தது. அழுகியது கறுத்து வழவழவென்று, பிடித்து இழுத்தால் தோல் மட்டும் உறை மாதிரி கையோடு வந்தது. கறுத்ததை நல்ல சதை தெரியும்வரை வெட்டினாள். ஒரு செடி முடிந்ததும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத்தான் அடுத்தது. வேர் பாதி போனதால் இலையிலும் பாதியைக் கழித்தாள், இருக்கிற வேருக்குச் சுமை தெரியக்கூடாது என்று. வீட்டுக்காரர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கேட்டதை எடுத்துக் கொடுத்தார்.

"ஸ்நேக் பிளான்ட்டுக்கு அடி முழுக்கப் போச்சு" என்றாள் அவள்.

அவர் தொண்டையைக் கனைத்தார். பழக்கம் விடவில்லை. "தவிர்க்க முடியாத காரணங்களால் ரத்து செய்யப்படுகிறது. ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்."

"நீங்க வருந்தணும்தான்" என்றாள் சிஸ்டர்.

ஆனாலும் அதில் மேல்பக்கம் நன்றாயிருந்த இரண்டு இலைகளை டாக்டரம்மா துண்டாக வெட்டி, வெட்டுக்காயம் காயட்டும் என்று ஓரமாக வைத்தாள். அதிசயமாக ஃபெர்ன் மட்டும் அத்தனை தண்ணீரையும் குடித்துவிட்டுக் கொழுகொழுவென்று இருந்தது. பயலுக்கு அந்த வாழ்க்கை பிடித்திருக்கிறது.

வேர்கள் நிழலில் உலர்ந்துகொண்டிருந்தபோது அவள் கேட்டாள். "எதுக்குங்க இவ்வளவு ஊத்தினீங்க? பாத்தாலே தெரியலையா?"

அவர் மணலையும் புது மண்ணையும் கலந்துகொண்டே சொன்னார். "ஸ்டேஷன்ல ஒரு வண்டி லேட்டுன்னாக்கூட, நான் வாயத் தெறந்தா ஆயிரம் பேரு தலைய நிமித்துவாங்க. இங்க டோக்கன் சொல்றேன், ஒருத்தர் எந்திரிச்சு உள்ள போறாரு. அவ்வளவுதான். செடிக்குத் தண்ணி ஊத்தினா உடனே இலை அசையுது."

"அது தண்ணி பட்டதால அசையுது."

"தெரியும்" என்றார். "ஆனா அசையுதுல்ல."

சிஸ்டர் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு சுவரின் கறுப்புத் திட்டுகளை பிளீச்சிங் கரைசலால் தேய்க்கப் போய்விட்டாள். வருஷக்கணக்காகத் திறக்காத ஜன்னலை அவளே சுத்தியலால் தட்டித் திறந்தாள்.

செடிகளை அடியில் ஓட்டை போட்ட மண் தொட்டிகளுக்கு மாற்றினார்கள். மேலே ஒரு விரல் கனத்துக்குப் பெருமணல் பரப்பினார்கள், பூச்சி முட்டை போட ஈரம் கிடைக்கக்கூடாது. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொட்டிக்கொன்றாகக் குச்சியில் செருகினார்கள். மஞ்சள் நிறத்தைக் கண்டால் அந்தப் பூச்சிக்குத் தாங்காதாம், பறந்து வந்து ஒட்டிக்கொள்ளுமாம். மறுநாள் அட்டை எள்ளைத் தூவினாற்போல் இருந்தது. பூச்சி உடனே போய்விடவில்லை. மண்ணுக்குள் இருந்த முட்டைகள் பொரிந்து தீரும்வரை வாரக்கணக்கில் வந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீர் ஊற்றுமுன் மண்ணில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும், இரண்டாவது கணுவரை காய்ந்திருந்தால்தான் ஊற்றலாம் என்பது உத்தரவு. வீட்டுக்காரர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து விரலை விட்டார். அது அவருக்கு ஒரு வேலையாக இருந்தது.

டாக்டரம்மாவுக்கு இனிமேல்தான் கஷ்டமான வேலை. பூச்சி என்று வந்தவர்களிடம் உண்மையைச் சொல்லவேண்டும். மறுபடி வந்தவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னாள். "உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. பூச்சி எங்க செடியில இருந்து வந்துது. தப்பு எங்களோடது." பெரும்பாலானவர்கள் சிரித்தார்கள். சளிக்கண்காரர் மட்டும், செடிக்குப் பூச்சி மருந்து அடிக்காமல் என் கண்ணில் ஏன் மருந்து ஊற்றினீர்கள் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி.

ஒரு பெரியவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். வெளியே அவருடைய மருமகள் காத்திருந்தாள். "டாக்டரம்மா, கண்ணு சரியில்லன்னு சொன்னதுல இருந்து வீட்ல எனக்கு டிவி ரிமோட்ட குடுத்துட்டாங்க. வெளிச்சம் ஆகாதுன்னு கடைக்குக்கூட அனுப்புறதில்ல. இன்னும் ஒரு மாசம் பூச்சி இருக்கட்டுமே."

"பொய் எழுதமாட்டேன்" என்றாள்.

"எழுத வேணாம். சும்மா ஒண்ணும் சொல்லாம இருங்க."

டாக்டரம்மா மருமகளைக் கூப்பிட்டு, "அடுத்த மாசம் ஒரு தடவ கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்றாள். அதில் பொய் எதுவுமில்லை.

தெருமுனையில் கடை வைத்திருந்த தையல்காரம்மாவும் வந்தாள். போன தடவை அவசரம் என்று மருந்து ஊற்றிக்கொள்ளாமலே போனவள். பூச்சி எங்களுடையதுதான் என்று சொல்லி அனுப்பப் போன டாக்டரம்மா, ஏதோ தோன்றி, "வந்ததுதான் வந்தீங்க, பாத்துடுறேன்" என்று மருந்தை ஊற்றினாள். இடது கண்ணில், திரையின் ஓரத்தில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு நிஜமான ஓட்டை இருந்தது. தையல்காரம்மாவுக்கு வலியும் இல்லை, செடிப் பூச்சியைத் தவிர வேறு பூச்சியும் தெரியவில்லை. தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அன்றைக்கே லேசர் போட்டுச் சுற்றிலும் அடைத்தாள். வேலை முடிந்து, "பூச்சியால நல்லது ஆச்சுன்னு சொல்லுங்க" என்று தையல்காரம்மா சிரித்தபோது, டாக்டரம்மாவுக்குச் சிரிக்க வரவில்லை. கை கழுவப் போனாள். மாநாட்டுக் கட்டுரையைக் கைவிட்டதில் வருத்தமில்லை. பூச்சியை நம்பி ஓட்டையைத் தவறவிட இருந்ததை நினைத்து, கழுவிய கையையே மறுபடி கழுவினாள். அதற்கப்புறம் யார் பூச்சி என்று வந்தாலும், முதலில் முன்னறையில் அட்டையைப் பார்த்தாள், பிறகு கண்ணையும் பார்த்தாள்.

மருந்து ஊற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குப் படிக்க முடியாது, ஃபோனைப் பார்க்க முடியாது, சுவரைப் பார்த்துக்கொண்டு கொட்டாவி விடுவார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததால் இப்போது அவளுக்கு அது தெரியும். ஒரு காலையில் பேப்பரை எடுத்து வீட்டுக்காரரிடம் நீட்டினாள். "சும்மா இருக்கீங்கள்ல, இவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு, நேராக உள்பக்கம் போய், பக்கத்து ஊரில் பூட்டிய வீட்டுக்குள் புகுந்த திருடன் பசிக்குத் தோசை சுட்டுச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிப்போன செய்தியை எடுத்தார். வண்டி வரும் நேரம் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாகப் படித்தார். பெஞ்சில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

உள்ளே டாக்டரம்மா அடுத்த டோக்கனுக்காக மணியடித்தாள். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தாள். எழுந்து கதவைத் திறந்தால், உள்ளே வரவேண்டியவர் கதவருகிலேயே நின்றுகொண்டு, கையை மட்டும் அவள் பக்கம் தூக்கி, கொஞ்சம் இருங்க என்றார். திருடனைப் போலீஸ் இன்னும் எழுப்பவில்லை. டாக்டரம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.